எறும்புச் சாரையும் தவழும் குழந்தையும்

நேயர்களுக்கு வணக்கம்.

மண்டபம் வட்டாரத்துக் கடற்கரை ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசி போடவும் எடை பார்க்கவும் வீடு வீடாகச் சென்ற அந்த நாள்களில், எந்த வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தாலும் என் கண் முதலில் குழந்தையைத் தேடும். அடுத்ததாகச் சுவரோரத்தில் வெள்ளைக் கோடு ஏதும் தெரிகிறதா என்று தேடும். எறும்புக்காகத் தூவிய பொடியின் கோடு அது. எறும்பைக் காட்டிலும் அந்தக் கோட்டுக்குத்தான் நான் அதிகம் அஞ்சினேன். தவழும் பிள்ளையும் பூனையும் கோழியும் ஒரே தரையில் புழங்கும் வீட்டில் எறும்பை எப்படிப் போக்குவது என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

நம் பகுதியில் எறும்பு வீட்டுக்குள் வருவதற்கு இரண்டு பருவங்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது மணலுக்குள் இருக்கும் புற்றுகளில் நீர் புகுந்துவிடுவதால், முட்டையையும் குஞ்சையும் கவ்விக்கொண்டு அவை மேடு தேடுகின்றன. எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை என்று பெரியவர்கள் சொன்னது இதைக் கண்டுதான். அந்தத் திட்டை பல நேரங்களில் நம் வீட்டுத் தரையாக இருக்கிறது. பங்குனி, சித்திரையில் நீருக்காக வருகின்றன; தண்ணீர் டிரம்மின் அடியிலும் பானையைச் சுற்றியும் மொய்ப்பவை தாகத்துக்கு வந்தவை. இவற்றோடு சாயல்குடிக் கருப்பட்டி, கீழக்கரைத் தொதல், மூட்டையில் கட்டி வைத்த கருவாடு என்று எறும்புக்குப் பிடித்த அத்தனையும் நம் வீடுகளில் இருக்கின்றன. பவளப்பாறைக் கல்லால் கட்டிய பழைய சுவர் உள்ள வீடென்றால், அதன் பொந்துகள் எறும்புக்கு ஆயத்தமான குடியிருப்பு.

எறும்பு வரிசையாகச் செல்வதன் காரணத்தை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. உணவைக் கண்ட எறும்பு, திரும்பும் வழியில் தன் வயிற்றைத் தரையில் தேய்த்து ஒரு மணத்தை இட்டுச் செல்கிறது. பின்னால் வருபவை அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு வந்து தாமும் அதன்மேல் மணம் இடுகின்றன. ஆகவே சாரையில் செல்லும் எறும்புகளை மட்டும் நசுக்கினால், மணம் அப்படியே இருக்கும், மறுநாள் வேறு எறும்புகள் அதே வழியில் வரும். வெளியே நாம் காண்பவை கூட்டத்தில் ஒரு சிறு பங்கே. முட்டையிடும் ராணி உள்ளே இருக்கும்வரை எண்ணிக்கை குறையாது. மஞ்சள் நிறத்தில் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் சிற்றெறும்பு வகை ஒன்றில் ஒரே கூட்டத்தில் பல ராணிகள் இருக்கும். அதன்மேல் மருந்தைப் பீச்சினால் கூட்டம் அழிவதற்குப் பதிலாகப் பிரிந்து, ஒரு புற்று இருந்த வீட்டில் மூன்று நான்கு புற்றுகள் உண்டாகிவிடும்.

இனி அந்த வெள்ளைக் கோட்டைப் பற்றிச் சொல்கிறேன். என் சொந்தப் பேரனுக்கு மூன்று வயதிருக்கும்போது, வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த எறும்புச் சாக்பீஸை எடுத்துத் தரையெல்லாம் படம் வரைந்துவிட்டு அதே விரலை வாயில் வைத்துக்கொண்டான். அங்கன்வாடியில் அவனுக்குக் கொடுக்கும் சாக்பீஸுக்கும் இதற்கும் அவன் கண்ணில் என்ன வேற்றுமை தெரிந்திருக்க முடியும்? இரண்டு முறை வாந்தி எடுத்தான். மருத்துவமனையில் ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். நல்லவேளையாக வேறு கேடு நேரவில்லை. பிறர் வீட்டில் கோடு தேடிய நான் என் வீட்டு அலமாரியைப் பார்க்கத் தவறியதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அத்தகைய சாக்பீஸ்களில் பெரும்பாலும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள் இருக்கின்றன. பெரியவர்களின் உடல் இவற்றின் சிறிய அளவை ஓரளவு முறித்து வெளியேற்றிவிடும். தரையோடு தரையாகத் தவழ்ந்து, தொட்டதையெல்லாம் வாயில் வைக்கும் குழந்தைக்கு, அதன் எடையோடு ஒப்பிட்டால் அளவு பெரிது. பூனையின் உடலுக்கு இந்த வகை மருந்துகளை முறிக்கும் திறன் மிகவும் குறைவு. பொடியை மிதித்த பாதத்தை நக்கியே அது எச்சில் ஒழுகி, நடுங்கி, வலிப்பு வரும் நிலைக்குப் போகலாம். மீனுக்கு இவை கொடிய நஞ்சு. கழுவிவிட்ட நீர் ஊருணியில் கலந்தால் அங்குள்ள மீன்கள் தாங்கமாட்டா.

கெமாக்சின் என்று நம் ஊர்களில் இன்றும் வாய்வழக்காகச் சொல்லும் பெயர் பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லிக்கு உரியது. அது 1997-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆகவே கடையில் அந்தப் பெயரைச் சொல்லித் தாளில் மடித்துத் தரும் பொடியை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது என்னவென்று எழுதாத பொடியைக் குழந்தை தின்றுவிட்டால், எதற்கு மருத்துவம் பார்ப்பது என்று மருத்துவருக்கே தெரியாது.

நஞ்சில்லாத வழி என்று நினைத்துச் செய்யும் சிலவும் கேடானவையே. மண்ணெண்ணெயைத் தரையில் தெளிப்பதும், அதைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி மூலையில் வைப்பதும் அவற்றில் முதன்மையானவை. குழந்தை ஒரு வாய் குடித்தாலும் அது நுரையீரலுக்குள் இறங்கி மூச்சைக் கெடுக்கும். அந்துருண்டை மிட்டாய் போலத் தோன்றுவது. சில குழந்தைகளுக்கு இரத்த அணுக்களையே சிதைத்துவிடும். வேப்பெண்ணெய் கூடக் கைக்குழந்தையின் வாய்க்குள் போனால் வாந்தியும் வலிப்பும் வரும். நம் மரத்து எண்ணெய்தானே என்று தொட்டில் கயிற்றில் தடவ வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்வது? சாரையைக் கண்டதும் அழிக்காதீர்கள். சிறிது நேரம் பொறுத்து, அது எங்கிருந்து வருகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். பெரும்பாலும் கதவு நிலையின் அடியிலோ, சுவரும் தரையும் சேரும் விரிசலிலோ, மின்கம்பி நுழையும் துளையிலோ போய் முடியும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்ட பிறகு, சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வழி முழுவதையும் அழுத்தித் துடைத்தால் எறும்பும் போகும், மணமும் போகும். குடம் கணக்கில் விலைக்கு நீர் வாங்கும் நம் ஊர்களில் தரையைக் கழுவிவிடச் சொல்லவில்லை. ஒரு சொம்பு நீர் போதும். பிறகு விரிசலைச் சிமெண்டுக் கலவையால் அடைத்துவிடுங்கள். கருப்பட்டியை ஓலைக்கொட்டானோடு அப்படியே இறுக மூடும் டப்பாவுக்குள் வையுங்கள். மஞ்சள்தூளைத் துளையின் வாயில் வைக்கும் பழக்கம் தீங்கற்றது. சில நாள் தடுக்கும், புற்றை ஒன்றும் செய்யாது.

பால் பாத்திரத்தை நீர் ஊற்றிய தட்டில் வைப்பதும், கட்டில் காலுக்கும் அலமாரிக் காலுக்கும் நீர்க் கிண்ணம் வைப்பதும் நல்ல பழைய முறைகள். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு விரும்பி முட்டையிடும் இடங்களில் இந்தக் கிண்ணங்களும் சேரும் என்பதை நான் வீடுதோறும் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை நீரைக் கொட்டி, கிண்ணத்தின் உட்புறத்தை நாரால் தேய்த்துக் கழுவி, புதிய நீரில் ஒரு துளி சோப்புக் கரைசல் விடுங்கள். முட்டை கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் உயிரோடிருக்கும் என்பதால்தான் தேய்க்கச் சொல்கிறேன். சோப்புக் கலந்த நீரில் எறும்பும் மிதந்து கடக்க முடியாது.

தூளியில் தூங்கும் குழந்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பால் வழிந்த வாயின் மணத்துக்கு எறும்பு கயிற்றின் வழியாக இறங்கி வருகிறது. பால் கொடுத்தபின் வாயையும் கழுத்து மடிப்பையும் ஈரத்துணியால் துடைத்து, பால் சிந்திய துணியை மாற்றிவிடுங்கள். கயிறு விட்டத்தைத் தொடும் இடத்துக்குக் கீழே, குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், ஒரு துணிப்பட்டையை இறுகக் கட்டி அதன்மேல் வாசலினைக் கனமாகப் பூசினால் எறும்பு தாண்டாது. தூசி படிந்ததும் புதிதாகப் பூச வேண்டும்.

இவ்வளவு செய்தும் எறும்பு நிற்கவில்லை என்றால் புற்றுக்குள்ளேயே மருந்து போக வேண்டும். அதற்கு எறும்பே சுமந்து செல்லும் இரைதான் வழி. மருந்துக்கடையில் கிடைக்கும் போரிக் பவுடர், அதாவது கேரம் பலகையில் தூவுவதாகப் பல பிள்ளைகளுக்குத் தெரிந்த அதே பொடி, இதற்கு உதவும். 100 மில்லி வெந்நீரில் 10 கிராம் சர்க்கரையையும் 1 கிராம் போரிக் பவுடரையும், அதாவது ஏறத்தாழ கால் தேக்கரண்டி, கரைத்துக்கொள்ளுங்கள். அளவைக் கூட்டினால் விரைவில் சாகுமே என்று எண்ண வேண்டாம். கடுமையான கலவையைத் தின்ற எறும்பு புற்றைச் சேருமுன்பே இறந்துவிடும். மெல்லிய கலவையைத் தின்றதுதான் வீடு திரும்பி, வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கும் ராணிக்கும் ஊட்டும். முதல் நாள் எறும்பு முன்னைவிட அதிகமாக மொய்க்கும். அப்போது மனம் பொறுக்காமல் துடைத்துவிட்டால் எல்லாம் வீண். ஒன்றிரண்டு வாரமாவது ஆகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கலவையை மாற்ற வேண்டும்.

போரிக் பவுடரும் நஞ்சுதான் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். கைக்குழந்தைக்குச் சில கிராமே உயிருக்கு ஆபத்தாகலாம். அதே இனத்தைச் சேர்ந்த வெங்காரத்தைத் தேனில் குழைத்துக் குழந்தையின் வாய்ப்புண்ணுக்குத் தடவும் பழக்கம் சில வீடுகளில் உண்டு, அதையும் விட்டுவிடுங்கள். கலவையில் தோய்த்த பஞ்சைப் பழைய மருந்துப் புட்டியில் இட்டு, இறுக மூடி, மூடியில் ஊசியைச் சூடாக்கி எறும்பு நுழையும் அளவுக்கு மட்டும் துளையிட்டு, அலமாரியின் பின்னாலோ கதவு நிலைக்கு மேலோ ஒட்டிவிடுங்கள். மேலே "நஞ்சு" என்று எழுதுங்கள். கருப்பட்டிப் பாகில் கலக்காதீர்கள். அந்த நிறமும் மணமும் நம் வீட்டுக் குழந்தைகளுக்குத் தின்பண்டம். மீந்த கலவையைச் சமையல் பாத்திரத்திலோ குடிநீர்ப் பாட்டிலிலோ வைக்காமல் அன்றே குழி தோண்டிக் கொட்டி மூடுங்கள். கிணற்றுக்கும் ஊருணிக்கும் அருகில் வேண்டாம்.

கருவாட்டை மொய்க்கும் எறும்புகள் சிலவேளை சர்க்கரையைத் திரும்பியும் பாரா. எண்ணெயும் மீனும்தான் கேட்கும். அதற்காக மீன்தூளில் போரிக் பவுடரைக் கலந்து வைத்தால், எறும்புக்கு முன்னால் பூனை வந்துவிடும். பூனையோ நாயோ உள்ள வீட்டில் இந்த இரையே வேண்டாம் என்பது என் முடிவு. கருவாட்டை நன்றாகக் காயவைத்து மூடியுள்ள பாத்திரத்தில் அடைத்து, மீன் கழுவிய நீரையும் செதிலையும் வாசலருகில் கொட்டாமல் இருந்தால் அந்த எறும்பு பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடும்.

முற்றத்து மணலில் புற்றெடுத்துச் சுருக்கென்று கொட்டும் செவ்வெறும்புக்குக் கொதிநீர் உண்டு. வெயில் ஏறுமுன், பிள்ளைகள் எழுமுன், புற்றின் நடுவில் மெல்ல ஊற்றுங்கள். ஒருமுறையில் முடியாது, இரண்டு மூன்று முறை ஊற்ற வேண்டிவரும். கடிக்காத பிள்ளையார் எறும்பை முற்றத்தில் அதன் போக்கில் விட்டுவிடலாம். வாசலில் அரிசிமாவுக் கோலம் இட்டு அதற்கு உணவளித்தவர்கள்தானே நாம்.

கொட்டிய இடத்தைச் சோப்பு நீரில் கழுவி ஈரத்துணி வையுங்கள். மறுநாள் எழும் வெள்ளைக் கொப்புளத்தை உடைக்காதீர்கள். உதடு, முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். குழந்தை பொடியையோ சாக்பீஸையோ கலவையையோ தின்றுவிட்டால், விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புநீரும் புளிக்கரைசலும் புகட்டாதீர்கள். வாயைத் துடைத்து, உடையை மாற்றி, தோலைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கால்மணி நேரம் நல்ல நீரால் கழுவுங்கள். மருந்தின் உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். பூனையின் மேல் பொடி பட்டிருந்தால், அது நக்குமுன் வெதுவெதுப்பான சோப்பு நீரில் குளிப்பாட்டித் துணியில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இன்று வீட்டுக் கீழ்த்தட்டைத் திறந்து பாருங்கள். அங்கே எறும்புச் சாக்பீஸ் கிடந்தால், அதைக் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்துக்கு முதலில் மாற்றுங்கள். நன்றி, வணக்கம்.