ஐந்தாவது யூனிட் போதாது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

கறுப்பின மக்களின் வரலாற்றையும் சிந்தனையையும் பல்கலைக்கழகத்தில் படிக்கத் தனித் துறை வேண்டுமா, எல்லாத் துறைகளிலும் கலந்து வைத்தால் போதுமா? இதுதான் தலைப்பு. தனித் துறை வேண்டும் என்பது எங்கள் அணி. எதிரணித் தோழி கேட்டார்: "எல்லாரும் படிக்க வேண்டியதை ஏன் ஒரு மூலையில் கொண்டுபோய் வைக்கிறீர்கள்? வரலாற்றில் கொஞ்சம், இலக்கியத்தில் கொஞ்சம், சமூகவியலில் கொஞ்சம் சேர்த்துவிடுங்கள்."

அந்தக் 'கொஞ்சம்' எங்கே போய் உட்காரும் என்று நம் ஊர்க் கல்லூரியில் படித்த எல்லாருக்கும் தெரியும். ஐந்தாவது யூனிட்டில்! செமஸ்டர் முடியப் பத்து நாள் இருக்கும்போது, "இதை நீங்களே படிச்சுக்கோங்கப்பா" என்று விட்டுவிடுவார்களே, அந்த யூனிட்டில்.

சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ், அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். ஆண்டு 1895. மறு ஆண்டே பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை அழைத்து, பிலடெல்பியாவில் வாழும் கறுப்பின மக்களைப் பற்றி ஆராயச் சொன்னது. வீடு வீடாக ஏறி இறங்கினார். 1899-இல் அது நூலாக வந்தது. நகரச் சமூகவியலின் முன்னோடி நூல் என்று இன்று போற்றுகிறார்கள். அன்று அவருக்கு என்ன கொடுத்தார்கள்? பல்கலைக்கழகத்தில் உட்கார ஓர் அறை கிடையாது. மாணவர் முன்னால் நிற்க ஒரு வகுப்பு கிடையாது. அவர் ஆய்வு வேண்டும், அவர் வேண்டாம்!

அதோடு நின்றதா? அடிமை முறை ஒழிந்த பின் தெற்கு மாநிலங்களில் கறுப்பின ஆண்கள் வாக்களித்தார்கள், சட்டமன்றம் போனார்கள். அந்தக் காலத்தைப் பற்றி, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும், கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை கொடுத்ததே தவறு என்ற பார்வையில் எழுதிக் குவித்தார்கள். டு பாய்ஸ் 1935-இல் 700 பக்கத்துக்கு மேல் மறுத்து எழுதினார். அமெரிக்க வரலாற்றாசிரியர்களின் தலைமை ஆய்விதழ் அப்போது அதற்கு ஒரு மதிப்புரைகூடப் போடவில்லை. திட்டியாவது எழுதியிருக்கலாம். அதுவும் இல்லை. தோழி சொன்ன வரலாற்றுத் துறை அன்றும் இருந்தது. இலக்கியத் துறை இருந்தது, சமூகவியல் துறையும் இருந்தது. கலந்துகொள்ள வேண்டாம் என்று யார் தடுத்தது?

அடுத்து சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரிக்கு வருகிறேன். 1968 நவம்பர் 6-இல் தொடங்கி மறு ஆண்டு மார்ச் வரை அங்கே மாணவர் வேலைநிறுத்தம். ஒரே நாளில் 400 பேருக்கு மேல் கைது. கறுப்பின மாணவர் சங்கத்தின் பத்துக் கோரிக்கைகளில் முதலாவது என்ன தெரியுமா? பல துறைகளில் சிதறிக் கிடக்கும் கறுப்பினப் பாடங்களை எல்லாம் ஒரே துறைக்குள் கொண்டு வா! எதிரணி இன்று மருந்தாக நீட்டுகிறதே, அந்தக் 'கலந்து வைத்தல்', அதை அனுபவித்துப் பார்த்த பிள்ளைகள்தான் தனித் துறை கேட்டார்கள். பட்டம் தரும் உரிமையும், ஆசிரியரை நியமிக்கும் உரிமையும் அந்தத் துறைக்கே வேண்டும் என்றார்கள். எது ஆய்வு, யார் ஆசிரியர் என்று முடிவு செய்யும் இடத்தில் எங்களுக்கு நாற்காலி போடு என்று கேட்டார்கள். துறையை வடிவமைத்த சமூகவியலாளர் நேதன் ஹேருக்கு அங்கே வேலை நீட்டிக்கப்படவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது. ஆனால் அந்தப் போராட்டத்தில் பிறந்த இனவியல் படிப்புகளுக்கான கல்லூரி இன்றும் நடக்கிறது.

"கென்யாவின் நைரோபியில் தனித் துறையா கேட்டார்கள்? ஆங்கிலத் துறையையே அல்லவா மாற்றச் சொன்னார்கள்?" என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். 1968 அக்டோபர் 24-இல் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவும் இரண்டு தோழர்களும் எழுதிய அறிக்கையைச் சொல்கிறார். ஐயா, பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஆங்கிலத் துறையை ஒழியுங்கள் என்ற அதே அறிக்கை, அந்த இடத்தில் ஆப்பிரிக்க இலக்கியத்துக்கும் மொழிகளுக்கும் ஒரு துறை வை என்கிறது. விடுதலை பெற்ற சொந்த நாட்டில், சொந்த மக்கள் நடுவில் இருந்தவர்களே துறை கேட்டார்கள் என்றால், அமெரிக்காவில் சிறுபான்மையாக இருப்பவர்கள் கேட்கக் கூடாதா?

கடைசியாக, தனித் துறை என்றால் ஆட்சி மாறும்போது எளிதாக மூடிவிடுவார்கள் என்றார்கள். மூடட்டும் பார்க்கலாம், நடுவர் அவர்களே. ஒரு துறையை மூடத் தீர்மானம் போட வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் மாணவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஐந்தாவது யூனிட்டை எடுத்துவிட யாரிடமும் சொல்லக்கூட வேண்டியதில்லை.