இயந்திர வடிவமைப்புக்கு ரெண்டரிங் மென்பொருள் வாங்கலாமா?

[காட்சி: குன்னூர். சன்னலுக்கு வெளியே மூடுபனி. மேசைமேல் கணினித் திரை. அதில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹாப்பரின் சாம்பல் நிற மாதிரி.]

வணக்கம். நீலகிரியின் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய ஹாப்பர் (இலையைக் கொட்டி வைத்துக் கீழே இறக்கும் தொட்டி), கன்வேயர், சல்லடை இயந்திரம் ஆகியவற்றை வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி அரைக்கும் தொழிற்சாலைகளே என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர். கணினியில் வரைந்த மாதிரியிலிருந்து புகைப்படம் போலவே படம் தரும் ரெண்டரிங் மென்பொருளை விலை கொடுத்து வாங்கலாமா என்று என்னைப் போன்ற சிறு பட்டறைக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இரண்டு ஆண்டுகளாக நான் செய்து பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

முதலில், இந்த மென்பொருள் எதைச் செய்யாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு ஷாஃப்ட் சுமையைத் தாங்குமா, இரண்டு பாகங்கள் ஒன்றோடொன்று முட்டுமா, பியரிங்கைக் கழற்ற ஸ்பேனர் நுழைய இடம் இருக்கிறதா என்ற எதற்கும் ரெண்டரிங் பதில் தராது. அவற்றுக்கு வலிமைக் கணக்கும், உங்கள் கேட் (CAD, கணினியில் வடிவமைக்கும்) மென்பொருளும், அளவு குறித்த டிராயிங்கும், வெட்டுத் தோற்றமுமே போதும். பட்டறையில் வெல்டிங் செய்பவர் அழகான படத்தைக் கேட்கமாட்டார். அவருக்குத் தகட்டின் தடிமனும் வளைவின் கோணமும் தெரிந்தால் போதும்.

அப்படியானால் படம் யாருக்கு? டிராயிங் படிக்கத் தெரியாத, ஆனால் பணம் தரப்போகிற மனிதருக்கு.

[காட்சி: பழைய தொழிற்சாலைத் தளத்தின் புகைப்படம். அதன்மேல் மெல்ல மெல்ல ஒரு கன்வேயர் தோன்றுகிறது.]

கோத்தகிரிப் பக்கம் ஒரு பழைய தொழிற்சாலை. வாட்டிய இலையை மேல்தளத்திலிருந்து கீழே இறக்க ஒரு சாய்வு கன்வேயர் கேட்டார்கள். மூன்று தோற்றங்களும் கொண்ட டிராயிங்கை உரிமையாளர் முன் விரித்தபோது அவர் தலையாட்டினார்; ஆனால் அவருக்குப் புரியவில்லை என்பது எனக்குப் புரிந்தது. மறுமுறை போனபோது அந்தத் தளத்தைக் கைபேசியில் படம் எடுத்தேன். தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில், சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்தேன் என்பதையும் குறித்துக்கொண்டேன். அதே இடத்தில், அதே கோணத்தில் ரெண்டரிங் மென்பொருளின் கேமராவை நிறுத்தி, வெளிச்சம் வரும் சன்னலின் திசையையும் பொருத்தி, என் கன்வேயரை அந்தப் புகைப்படத்துக்குள் நிற்க வைத்தேன். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவர் சொன்னார்: "தம்பி, இது சன்னலை மறைக்குதே. அந்த வெளிச்சத்துலதான் பொண்ணுங்க இலையைப் பாக்குறாங்க." டிராயிங்கில் அந்தச் சன்னல் வெறும் இரண்டு கோடு. கன்வேயரை அறுநூறு மில்லிமீட்டர் நகர்த்தினோம். இரும்பு வெட்டுவதற்கு முன்பே அந்தப் பேச்சு நடந்தது என்பதால், அந்த ஒரு படம் தன் செலவைத் தானே ஈட்டிக்கொண்டது.

இதற்கு நேர்மாறாக நடந்ததையும் சொல்லியாக வேண்டும். வேறொரு வேலையில், மோட்டாரை இடப்பக்கம் வைப்பதா வலப்பக்கம் வைப்பதா என்று நானே முடிவு செய்திராத நிலையில், இடப்பக்கம் வைத்து ஒரு பளபளப்பான படத்தை அனுப்பிவிட்டேன். படம் அவ்வளவு முடிந்த வேலை போல இருந்ததால், வாடிக்கையாளர் இடப்பக்கத்தில் அடித்தளத்துக்குக் குழி தோண்டிவிட்டார். குற்றம் அவருடையதல்ல. புகைப்படம் போன்ற படம் பார்ப்பவரிடம் "இதுதான் வரப்போகிறது" என்று வாக்குக் கொடுக்கிறது. அன்றிலிருந்து, முடிவாகாத பாகங்களை நிறமோ பளபளப்போ இல்லாமல், களிமண் பொம்மை போல ஒரே வெளிர்சாம்பலில் காட்டுகிறேன். முடிவானவற்றுக்கு மட்டும் உலோகத் தோற்றம் தருகிறேன்.

[காட்சி: ஒரே ஹாப்பர், இரண்டு படங்கள். ஒன்று பொம்மை போல. மற்றொன்று உண்மை போல.]

இப்போது வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். விலையில் எதற்குப் பணம் தருகிறோம் என்பது அப்போதுதான் விளங்கும். இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் ஒளியின் பாதையைக் கணக்கிட்டே படம் தருகின்றன. படத்தின் ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் பல கதிர்களை அனுப்பி, அவை எதில் பட்டு எங்கே தெறித்தன என்று சராசரி எடுக்கின்றன. இதன் கணித அடிப்படையை ஜேம்ஸ் கஜியா 1986இல் வகுத்தார். கதிர்கள் குறைவாக இருந்தால் படம் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் கதிர்களை நான்கு மடங்காக்க வேண்டும். அதாவது நேரமும் ஏறக்குறைய நான்கு மடங்காகும். புள்ளிகளைத் துடைத்துத் தரும் வசதி இப்போது பெரும்பாலானவற்றில் வந்துவிட்டது. ஆனால் சல்லடையின் கம்பி வலை போன்ற நுண்ணிய இடங்களில் அது வலையையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. சல்லடை இயந்திரம் விற்பவருக்கு வலை தெரியாத படத்தால் என்ன பயன்?

மேலே உள்ள இரண்டு படங்களுக்கும் ஒரே மென்பொருள்தான். வேறுபாடு மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, ஓரங்கள். கேட் மாதிரியில் தகட்டின் ஓரம் கத்தியை விடக் கூர்மையானது. உண்மைத் தகட்டில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு மழுங்கல் இருக்கும். அந்த மழுங்கலில்தான் வெளிச்சம் மெல்லிய கோடாக மின்னும். அந்தக் கோடு இல்லாத படத்தை, ஏனென்று சொல்லத் தெரியாவிட்டாலும், கண் பொய் என்று கண்டுபிடித்துவிடும். இரண்டாவது, பிரஷ்ட் ஃபினிஷ். எமரி போட்டுத் தேய்த்த தடங்கள் ஒரு திசையில் ஓடினால், ஒளி அதற்குக் குறுக்காக நீளும். உருண்ட குழாயில் அந்தத் திசையைத் தவறாகக் கொடுத்தால் ஸ்டீல் பிளாஸ்டிக் ஆகிவிடும். மூன்றாவது, சுற்றுப்புற வெளிச்சம். உலோகத்துக்கென்று தனி நிறம் குறைவு. சுற்றி இருப்பதைத்தான் அது காட்டும். எனவே 360 பாகையும் ஒளியின் அளவோடு பதிவு செய்த சூழல் படம் வேண்டும். பாலி ஹேவன் தளத்தில் இவை இலவசமாகக் கிடைக்கின்றன.

இவை மூன்றும் கைப்பழக்கம். விலை உயர்ந்த மென்பொருள் இவற்றை எளிதாக்கும். ஆனால் கண்ணைத் தராது. ஆகவே பணம் செலவழிப்பதற்கு முன், கையில் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள். கேட் மென்பொருள் சிலவற்றில் ரெண்டரிங் வசதி கூடவே வருகிறது. இன்வென்டரில் இன்வென்டர் ஸ்டுடியோ உள்ளேயே இருக்கிறது. ஃபியூஷனில் ரெண்டர் பகுதி இருக்கிறது. சாலிட்வொர்க்ஸ் வைத்திருப்பவர்கள், தாங்கள் வாங்கிய உரிமத்தோடு விஷுவலைஸ் என்ற ரெண்டரிங் மென்பொருள் சேர்ந்து வருகிறதா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். பல பேர் கேட்பதே இல்லை.

எதுவும் இல்லையென்றால் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் இருக்கிறது. அது முற்றிலும் இலவசம். அதனுள் இருக்கும் சைக்கிள்ஸ் 2011 முதல் வளர்ந்து வரும் திறமான ரெண்டரர். படத்தின் தரத்தில் அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இடறுவது வேறு இடத்தில்: கேட் மென்பொருள்கள் தமக்குள் மாதிரியைப் பரிமாறப் பயன்படும் ஸ்டெப் (STEP) கோப்பை பிளெண்டர் நேரடியாகத் திறக்காது. கேட் மாதிரியில் ஓர் உருளை உண்மையான வட்டம். பிளெண்டருக்கு அது முக்கோணங்களால் ஆன மெஷ்ஷாக மாற வேண்டும். ஃப்ரீகேட் என்ற இலவச கேட் மென்பொருள் மூலம் மாற்றலாம். 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையை 36 பக்கங்களாக மாற்றினால், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர் வட்டத்திலிருந்து விலகும். பளபளப்பான பரப்பில் அது பட்டை பட்டையாகத் தெரியும். 360 பக்கங்களாக்கினால் விலகல் 0.004 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும், ஆனால் கோப்பு பருத்துவிடும். தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும், ஆயிரக்கணக்கான பற்கள் கொண்ட சிடிசி உருளையை இப்படி மாற்றி, என் பழைய கணினியை ஒரு மதியம் முழுக்க நிறுத்தி வைத்திருக்கிறேன்.

விலை கொடுத்து வாங்குவதற்குத் தகுந்த ஒரே வசதி என்று நான் கருதுவது இந்த இடத்தில்தான் வருகிறது. கீஷாட், விஷுவலைஸ் போன்ற ரெண்டரிங் மென்பொருள்கள் கேட் கோப்பை நேரடியாக வாங்கிக்கொள்கின்றன. அதைவிட முக்கியமானது, வடிவமைப்பு மாறியபின் புதிய மாதிரியைக் கொண்டுவரும்போது, நீங்கள் கொடுத்த உலோகமும் நிறமும் பெரும்பாலும் அந்தந்தப் பாகத்திலேயே நிற்கின்றன. இயந்திர வேலையில் திருத்தம் இல்லாத நாளே கிடையாது. நானூறு பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய மாதிரியில், அதாவது அசெம்பிளியில், ஒவ்வொரு திருத்தத்துக்கும் போல்ட் போல்ட்டாக மீண்டும் நிறம் கொடுப்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

[காட்சி: வெள்ளைப் பலகையில் எழுதும் கை.]

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே. ஆண்டுச் சந்தா ஜிஎஸ்டி உட்பட 1,00,000 ரூபாய் என்று கொள்வோம். உங்கள் ஒரு மணி நேரத்தின் மதிப்பு 400 ரூபாய். அப்படியானால் அந்த மென்பொருள் ஆண்டுக்கு 250 மணி நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும். ஒரு படத்துக்கு ஐந்து மணி நேரம் மிச்சமானால் 50 படங்கள். மாதம் ஒரு படம் செய்பவர் வாங்கத் தேவையில்லை. வாரம் ஒரு படம் செய்பவர் யோசிக்கலாம். மாதம் ஒன்றுக்கும் குறைவென்றால், படத்துக்கு இவ்வளவு என்று வெளியே கொடுத்துச் செய்வதே மேல்.

வீடியோ செய்ய நினைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முப்பது விநாடி வீடியோவுக்கு, விநாடிக்கு 25 படம் என்றால், 750 படங்கள். ஒன்றுக்கு நான்கு நிமிடமானால் 50 மணி நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த மலையில் 50 மணி நேரம் மின்சாரம் தொடர்ந்து இருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். வீடியோவாக நேரடியாகச் சேமிக்காமல், ஒவ்வொன்றையும் தனிப் படக் கோப்பாகச் சேமியுங்கள். மின்சாரம் போனால், நின்ற இடத்திலிருந்து தொடரலாம்.

கணினியையும் இந்தச் செலவில் சேர்த்தே பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு கொண்டு ரெண்டர் செய்தால் வேகம் பல மடங்கு கூடும். ஆனால் மாதிரியும் சூழல் படங்களும் பொதுவாகக் கார்டின் நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். அச்சுக் கையேட்டில் முழு ஏ4 பக்கத்துக்கு 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) 2480க்கு 3508 புள்ளிகள் வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்கு அதில் கால்வாசியே அதிகம். எங்கே காட்டப் போகிறோம் என்று தெரியாமல் கார்டு வாங்கக் கூடாது.

[காட்சி: சோதனைப் பதிப்பு திறக்கிறது. ஓர் அசெம்பிளி உள்ளே வருகிறது.]

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத் தோன்றினால், சோதனைப் பதிப்பை இறக்குங்கள். அதனோடு எடுத்துக்காட்டாக வரும் கைக்கடிகாரம், கார் போன்ற மாதிரிகளைத் தொடவே வேண்டாம். அவை எப்போதும் அழகாகத்தான் இருக்கும். உங்களிடம் உள்ளதிலேயே சிக்கலான அசெம்பிளியைத் திறந்து, உலோகம், ரப்பர், பெயின்ட் எல்லாம் கொடுத்து ஒரு படம் எடுங்கள். பிறகு கேட் மென்பொருளுக்குத் திரும்பி, ஒரு ஃபிளேஞ்சை மாற்றி, இரண்டு பிராக்கெட்டை நீக்கி, மோட்டாரை மறுபக்கம் வைத்து, மீண்டும் கொண்டு வாருங்கள். எத்தனை பாகங்கள் தம் நிறத்தை இழந்தன, அவற்றைச் சரிசெய்ய எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கடிகாரம் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அதே வேலையைப் பிளெண்டரிலும் ஒரு முறை செய்து, அந்த நிமிடங்களையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்த இரண்டு எண்களோடுதான் விற்பனையாளரிடம் பேசப் போக வேண்டும்.