பினாங்கு – கோல செபெத்தாங் சைக்கிள் பயணம்: கடல் எப்போது இறங்கும்?

வணக்கம் உறவுகளே. பேராக் மாநிலத்துக் கோல செபெத்தாங் ஆற்றோரம் உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் கேட்கிற சத்தம் மீன்பிடிப் படகுகள்.

கடல் வற்றும்போது இந்தக் கரைச் சேற்றில் இரை தேடும் பறவைகளைப் பார்க்க, நேற்று விடியற்காலை ஜோர்ஜ்டவுனில் ஃபெரி ஏறினேன். பினாங்குப் பாலத்தில் சைக்கிளை விடமாட்டார்கள், அதனால் ஃபெரிதான். பட்டர்வொர்த்திலிருந்து பாரிட் புந்தார் வரை லாரிகளோடு ஓட்டம், அதில் காட்ட ஒன்றும் இல்லை. நிபோங் திபாலில் சாப்பாட்டுக் கடை அக்கா ஒருவர் "தனியாவா போறீங்க தம்பி?" என்று கேட்டு, இரண்டு பாட்டிலிலும் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். அந்த அக்காவுக்கு நன்றி.

வரைபடத்தைப் பார்த்தால் கடலை ஒட்டியே ஓட்டிவிடலாம் என்று தோன்றும். அப்படி ஒரு சாலை இங்கே இல்லை. கரை முழுக்கச் சதுப்புநிலக் காடு. மலாயில் கோல என்றால் ஆறு கடலில் சேரும் இடம். கோல குராவ், கோல கூலா, கோல செபெத்தாங் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாலை இறங்கும், தண்ணீரைக் கண்டதும் முடிந்துவிடும். ஏறி வந்து அடுத்த கோலாவுக்கு இறங்க வேண்டும், சீப்பின் பற்களில் போய் வருவது போல. நீங்கள் வந்தால் நேர் தூரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள்.

நான் செய்த தவறு வேறு. கிலோமீட்டரை மட்டும் கணக்குப் போட்டேன். ஏறத்தாழ 75 கிலோமீட்டர் மிதித்து, மாலை 4 மணிக்குக் கோல கூலா வந்து சேர்ந்தால், கடல் நிறைந்து காட்டின் வேர் வரை ஏறிக் கிடக்கிறது. ஒரு பறவை இல்லை. அவ்வளவு தூரம் வந்து மனசு விட்டுப்போனது. படகுக்காரப் பெரியவர் ஒருவர்தான், மலாய்க்காரர், "காலையில் வா, சேறு தெரியும்போது வா" என்றார்.

இன்று காலை எட்டரைக்கு அவர் படகில் போனேன். கடல் இறங்க இறங்கச் சேறு மேலே வருகிறது. முதலில் கொக்குகள். அப்புறம் சைபீரியாப் பக்கமிருந்து குளிருக்கு ஒதுங்கி வந்த உள்ளான்கள், கூட்டம் கூட்டமாக, ஒரே நேரத்தில் திரும்பிப் பறக்கின்றன. சேற்றில் துள்ளும் பெலாச்சாக் மீன்கள். அவற்றுக்கு நடுவே ஆளின் நெஞ்சு உயரத்துக்குச் சற்றுக் குறைவாக இரண்டு மொட்டைத்தலை நாரைகள், அவசரமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தன. திரும்பும் வழியில் நான்கு நீர்நாய்கள் கரையேறி உடம்பை உதறின. என் கை நடுங்கியதால் வீடியோ சரியாக வரவில்லை, ஆனாலும் போடுகிறேன்.

பால் நாரையைப் பார்க்கவில்லை. வெள்ளை உடம்பு, சிவந்த முகம், மஞ்சள் அலகு. அது பெலாச்சாக் மீனைச் சேற்றுக்குள் அலகை விட்டுத் தடவித் தடவிப் பிடிக்கும். நம் நாட்டில் அது கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த கரை இதுதான். தேசிய மிருகக்காட்சிசாலையில் வளர்த்த பால் நாரைகளை இங்கே கொண்டுவந்து விட்டும் இருக்கிறார்கள். பெரியவரிடம் கேட்டேன். முன்பெல்லாம் அடிக்கடி கண்ணில் படும் என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அப்புறம் செமாங்கோல் வழியாகச் செம்பனைத் தோட்டங்களைக் கடந்து இங்கே வந்தேன். தோட்டத்து நாய்கள் துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளைக் குறுக்கே பிடித்துக்கொண்டு மெதுவாக நடங்கள், விட்டுவிடும்.

இந்தக் கரையோரச் சதுப்புநிலக் காட்டுக்கு மாத்தாங் என்று பெயர், ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். இங்கே கரி சுடுகிறார்கள். பகுதி பகுதியாக வெட்டி, மறுபடி நட்டு, 30 வருடம் வளரவிட்டு, பிறகுதான் அதே இடத்தை மறுபடி முழுதாக வெட்டுவார்கள். நூறு வருடத்துக்கும் மேலாக இப்படி நடக்கிறது. வெட்டியும் காடு நிற்கிறது; காடு நிற்பதால் சேறும் மீனும் நாரையும் இருக்கின்றன. கோல செபெத்தாங்கின் பழைய பெயர் போர்ட் வெல்ட்; ஊருக்குள் அந்தப் பெயரோடு பழைய ஸ்டேஷன் பலகை இருக்கிறது. 1885இல் மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து இங்கேதான் வந்தது. பலகையில் தமிழிலும் பெயர் எழுதியிருக்கிறது. பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ரொம்ப நேரம் நின்றேன்.

சரி, நாளைக்கு. கடல் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக இறங்கும். இன்று 10.40 வாக்கில் நன்றாக வற்றியது, அப்படியென்றால் நாளை பதினொன்றரை. ஒன்பதரைக்கு வருவதாக இங்கே ஒரு படகுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அதற்குள் செயினில் ஒட்டிய உப்புச் சேற்றைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும்.