"போட்டு நம்பர் சொன்னாங்களா?" – பிராங்க் வீடியோ பத்திப் பேசணும்

வணக்கம் மக்களே. தங்கச்சிமடத்துல இருந்து பேசுறேன். கச்சான் காத்து நல்லா அடிக்குது, மைக்குல இரைச்சல் இருந்தா பொறுத்துக்கங்க. இன்னைக்கி மீன் ஏலமும் இல்ல, சமையலும் இல்ல. நேர்ல பாக்குறவங்க நெறைய பேரு, "தம்பி, தனுஷ்கோடிக்கு வர்றவங்கள வச்சு ஒரு பிராங்க் போடேன்"னு கேக்குறீங்க. ஏன் போடலன்னு சொல்லிடுறேன்.

எனக்கு பிராங்க் வீடியோ புடிக்கும். அத மொதல்லயே ஒத்துக்கிடுறேன். கனடாக்காரங்க எடுக்குறது ஒண்ணு இருக்குல்ல, பேச்சே இருக்காது, பாட்டுச் சத்தம் மட்டும் ஓடும், அத எங்க வீட்டுல எல்லாரும் உக்காந்து பாப்போம். எங்கப்பா வலை சரி பண்ணிக்கிட்டே நிமிந்து பாத்து கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிப்பாரு. மூணு நாள் கடல்ல கஷ்டப்பட்டு வந்த மனுசன். அந்தச் சிரிப்ப நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

இதுக்கெல்லாம் முன்னோடி அமெரிக்காவுல 1948ல டிவிக்கு வந்த 'கேண்டிட் கேமரா'. நடத்துனவரு ஆலன் ஃபண்ட். 1962ல அவங்க ஒரு லிஃப்ட்டுல எடுத்தத பாத்திருக்கேன். உள்ள நிக்கிற ஆளுங்க எல்லாம் கதவுக்கு முதுகக் காட்டி நிக்கிறாங்க. புதுசா ஏறுன ஒருத்தரு முழிக்கிறாரு, மணி பாக்குற மாதிரி பாக்குறாரு, கொஞ்சம் கொஞ்சமா அவரும் திரும்பிடுறாரு. அவருக்கு சங்கடந்தான். ஆனா நானும் அப்படித்தான் திரும்பியிருப்பேன். ஊரோட ஒத்துப்போற நம்ம எல்லாரையும் பாத்துதான் அங்க சிரிக்கிறோம்.

இப்ப என் விஷயம். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி காலேஜ் கூட்டாளி ஒருத்தன் வந்திருந்தான். ராமேஸ்வரம் ஜெட்டி, விடியக்காலம், முந்தின நாள் மீன்துறையில கடலுக்குப் போக டோக்கன் வாங்கிப் போன விசைப்படகுங்க திரும்புற நேரம். கரையில பொம்பளைங்க கூடையோட காத்திருந்தாங்க. யோசனை அவனோடது. கேமரா என்னோடது. ஐஸ் வண்டிக்குப் பின்னாடி மறைஞ்சு நின்னேன். அவன் ஒரு அக்காகிட்ட போயி, "அக்கா, ராத்திரி ரெண்டு போட்ட இலங்கை நேவி புடிச்சிட்டாம்னு சொல்றாங்களே"ன்னான்.

அலறுவாங்க, அத எடுக்கலாம்னு நின்னேன். அவங்க அலறல. "போட்டு நம்பர் சொன்னாங்களா தம்பி?"ன்னு கேட்டாங்க. அவன் முழிச்சான். அதுக்குள்ள அவங்க இடுப்புல இருந்து போன எடுத்து நாத்தனாருக்குப் போட்டுட்டாங்க. "அண்ணனோட ஆதார் ஜெராக்ஸு பீரோவுல மேல் தட்டுல இருக்கும், எடுத்து வையி. சங்கத் தலைவரு வீட்டுக்கு ஆளனுப்பு"ன்னு கட கடன்னு சொல்றாங்க. குரல் நடுங்கல. கை நடுங்குச்சு. அடுத்து என்ன செய்யணும்னு அவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு மக்களே. அந்த வீட்டுல இதுக்கு முன்னாடி ஒரு தடவ நெசமாவே நடந்திருக்கு. எனக்கு அது பெறகுதான் தெரிஞ்சுச்சு. ஆனா நான் இந்த ஊருக்காரன். எந்த வீட்டுலயும் நடந்திருக்கலாம்னு அப்பவே யோசிச்சிருக்கணும்.

"அக்கா, சும்மா பிராங்க்கு, அங்க பாருங்க கேமரா"ன்னான். அவங்க என்னப் பாத்தாங்க. சிரிச்சாங்க. நான் சங்கடப்படக் கூடாதுன்னு எனக்காகச் சிரிச்ச சிரிப்பு அது. அந்த மூணு செகண்ட வெட்டி வச்சா "பாருங்க, அவங்களே சிரிச்சிட்டாங்க"ன்னு போட்டிருக்கலாம். எத்தன வீடியோவுல நம்ம அந்தச் சிரிப்பப் பாத்துட்டு நிம்மதியா அடுத்ததுக்குப் போயிருக்கோம்!

2019ல யூட்யூப் ஒரு விதி போட்டுச்சு. தன் உசுருக்கே ஆபத்துன்னு ஒருத்தர நம்ப வைக்கிற பிராங்க்கு கூடாதுன்னு. நாங்க எடுத்தது அதுல மாட்டாதுன்னுதான் நெனைக்கிறேன். ஆபத்துன்னு அவங்க நம்புனது அவங்களுக்கு இல்லயே, கடல்ல இருக்குற ஆளுக்குத்தானே.

ஆலன் ஃபண்ட் பத்தி இன்னொண்ணு. 1969ல அவரு குடும்பத்தோட போன விமானத்தக் கடத்தி கியூபாவுக்குக் கொண்டுபோனாங்க. நெசமான கடத்தல். ஆனா அவர அடையாளம் கண்ட சில பயணிங்க, இதுவும் அவரோட நிகழ்ச்சிதான்னு நம்பிட்டாங்க. இதப் படிச்சப்போ எனக்கு ஜெட்டிதான் ஞாபகம் வந்துச்சு. நாளைக்கி நெசமாவே நான் ஒரு சேதி கொண்டுபோனா அந்த அக்கா என்ன நம்புவாங்களா? எங்க கரையில சேதிங்கிறது வாய் வார்த்தையாத்தான் மொதல்ல வரும். அதக் கெடுத்துட்டோமேன்னு இருக்கு.

அந்த வீடியோவ நான் போடல. ஆனா அழிக்கவும் இல்ல. மெமரி கார்டுலயே கெடக்கு. அப்பப்ப பாக்குறேன். அந்த அக்கா போன்ல பேசுற தைரியத்த நான் வேற எங்கயும் படம் புடிச்சதில்ல, அதான் அழிக்க மனசு வரல. ஆனா கேக்காம எடுத்தது. ரெண்டும் உண்மை.

நாளைக்கி போட்டு திரும்புற நாள். ஜெட்டிக்குப் போயி அவங்க கையில போனக் குடுத்து முழுசாக் காட்டப்போறேன். மன்னிப்பும் இன்னும் ஒழுங்காக் கேக்கல, கேக்கணும். வச்சுக்கச் சொன்னா வச்சுக்குவேன், அழிக்கச் சொன்னா அவங்க முன்னாடியே அழிச்சிடுவேன். கேமராவ வீட்டுலயே வச்சிட்டுத்தான் போறேன்.