ஏற்றத்தில் குதிரை, இறக்கத்தில் மனிதன்

அவையோருக்கு வணக்கம்.

திபெத் என்றதும் நம்மில் பலருக்கு லாசாவின் பொட்டாலா அரண்மனையோ கயிலாயமோதான் நினைவுக்கு வரும். இன்று நான் பேச வந்திருப்பது அவ்விரண்டிலிருந்தும் வெகுதொலைவில், வடகிழக்கில் நிற்கும் ஒரு மலையைப் பற்றி. அதன் பெயர் அம்னே மாச்சென். திபெத்தியர்கள் அம்தோ என்று அழைக்கும் பரப்பில், சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தைச் சேர்ந்த கோலோக் பகுதியில் அது இருக்கிறது. உயரம் 6,282 மீட்டர். மேற்கே பிறந்து வரும் மஞ்சள் ஆறு இந்த மலைத்தொடரின் தெற்குப் பக்கமாக ஓடி, பெரிய வளைவொன்றில் திரும்பி, வடக்குப் பக்கமாக வந்த திசைக்கே போகிறது. மலையை ஆறே சுற்றி வருவதுபோல் அந்த நாட்டின் அமைப்பு.

இந்த மலை ஒரு காலத்தில் உலகையே குழப்பியது. 1926இல் ஜோசப் ராக் என்ற தாவரவியலாளர் தொலைவிலிருந்து இதைப் பார்த்து, 28,000 அடிக்கு மேல் இருக்கும் என்று எழுதினார். 1949இல் லெனர்ட் கிளார்க் என்ற அமெரிக்கர் அளந்து பார்த்துவிட்டு 29,661 அடி என்றார். அதாவது எவரெஸ்டைவிட உயரமாம்! உண்மையான உயரம் 21,000 அடிக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவு பெரிய பிழை இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை எப்படி நீடித்தது? அருகில் போய் நிதானமாக அளக்க வெளியாருக்கு வழியில்லை. கோலோக் குடிகள் எந்த அரசுக்கும் எளிதில் பணியாதவர்கள் என்று பெயர் பெற்றவர்கள். குதிரை மேல் வளர்ந்தவர்கள். அவர்கள் இசைவு இல்லாமல் அந்தப் புல்வெளிக்குள் நுழைந்தவர்கள் திரும்பி வருவது உறுதியில்லை.

அந்த மக்களுக்குக் குதிரை என்னவாக இருந்தது என்பதை அறிய கேசர் மன்னனின் கதையைக் கேட்க வேண்டும். திபெத்திய, மங்கோலிய நிலமெங்கும் பாடகர்கள் நாள் கணக்கில் பாடும் பெருங்காப்பியம் அது. யுனெஸ்கோ 2009இல் மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களில் ஒன்றாக அதைப் பட்டியலிட்டது. அதில் லிங் நாட்டின் அரியணை போரில் வெல்லப்படுவதில்லை, பிறப்பால் வருவதுமில்லை. குதிரைப் பந்தயத்தில் முதலில் வருபவனுக்கே அரியணை. எல்லோரும் இகழ்ந்து ஒதுக்கிய சிறுவன் காட்டுக் குதிரையைப் பழக்கி ஓட்டிவந்து அரசனாகிறான். அம்னே மாச்செனின் காவல் தெய்வமான மாச்சென் போம்ராவையும் வெள்ளைக் குதிரை மேல்தான் வரைகிறார்கள். அரசும் தெய்வமும் குதிரையேறி வரும் நாட்டில், சாதாரண மனிதன் குதிரையை வெறும் வாகனமாக நினைப்பானா?

அந்தக் குதிரையைப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். தோளுயரம் 130 சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கும். கனத்த தலை, அடர்ந்த பிடரி, குட்டையான கால்கள். பந்தயத் திடலில் நாம் பார்த்த பளபளப்பு எதுவும் இல்லை. ஆனால் 4,500 மீட்டர் உயரத்தில் நாம் இழுக்கும் மூச்சில் கடலோரத்தில் கிடைக்கும் பிராணவாயுவில் ஐந்தில் மூன்று பங்குகூட இல்லை. அங்கே அந்தக் குதிரை சுமையோடு ஏறுகிறது. உயரத்தைத் தாங்கத் திபெத்தியர்களுக்கு உதவும் இபாஸ்1 என்ற மரபணுவின் வடிவம், டெனிசோவன்கள் என்ற பழைய மனித இனத்திடமிருந்து வந்தது என்று 2014இல் கண்டறிந்தார்கள். 2019இல் வெளிவந்த ஆய்வு திபெத்தியக் குதிரைகளிலும் அதே மரபணுவில் தனியாக ஒரு மாற்றம் நிகழ்ந்திருப்பதைக் காட்டியது. ஏறுபவனையும் சுமப்பதையும் அந்த உயரம் ஒரே இடத்தில் தொட்டு மாற்றியிருக்கிறது. இதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

திபெத்தியர்கள் குதிரையின் வேகத்தைவிட நடையைத்தான் அதிகம் மதிக்கிறார்கள். ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து முன்வைக்கும் ஒரு நடை உண்டு. அந்த நடையில் போகும் குதிரை மேல் உட்கார்ந்தால் உடல் தூக்கிப் போடாது, நாள் முழுவதும் போகலாம். அப்படிப்பட்ட குதிரைக்கு நல்ல விலை. மரச்சட்டத்தில் செய்த சேணம், அதன்மேல் கம்பளி விரிப்பு. நம் தொடைகள் முதல் நாள் மாலையே அந்த மரத்தின் கடினத்தை உணரும். இரவில் குதிரையை முளையில் கட்டிப்போடுவதில்லை. யாக் என்ற மலைமாட்டின் மயிரில் திரித்த கயிற்றால் கால்களைத் தளையிட்டு மேயவிடுகிறார்கள். விடியலில் அது எங்கோ மேடு தாண்டிப் போயிருக்கும். தேடிப் பிடித்து வரும்வரை பயணி காத்திருக்கத்தான் வேண்டும். அதற்காகக் குதிரைக்காரரிடம் முகம் சுளிக்கும் பயணிகளைக் கண்டிருக்கிறேன். இரவெல்லாம் மேய்ந்தால்தானே பகலில் அது நம்மைச் சுமக்கும்?

இங்கே நான் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வருகிறேன். திபெத்தியரிடையே ஒரு பழமொழி உண்டு: ஏற்றத்தில் மனிதனைச் சுமக்காதது குதிரையே இல்லை, இறக்கத்தில் குதிரையை விட்டு இறங்காதவன் மனிதனே இல்லை. குதிரைப் பயணத்தின் முழு ஒழுங்கும் இதற்குள் இருக்கிறது. செங்குத்தான இறக்கத்தில் சுமை முழுவதும் குதிரையின் முன்னங்கால் மூட்டுகளிலும் தோளிலும் விழுகிறது. சேணம் முன்னே சரிந்து தோலைத் தேய்க்கிறது. ஒரு புண் போதும், பிறகு அந்தக் குதிரைக்குப் பல வாரங்கள் வேலை இல்லை, அந்தக் குடும்பத்துக்கு வருமானமும் இல்லை. பணம் கொடுத்துவிட்டோம், நாள் முழுவதும் உட்கார்ந்தே வருவோம் என்று எண்ணுகிறவர் அந்த மலைக்குப் போகாமலிருப்பதே நல்லது. இதை நான் கடுமையாகவே சொல்கிறேன்.

எடையைப் பற்றியும் பேசிவிட வேண்டும். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏற்றக்கூடாது என்பது குதிரை வளர்ப்போர் பலரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு. சேணமும் அதில் சேரும். அந்தச் சிறிய குதிரைக்கு நம்மில் பலர் அதிகச் சுமைதான். மூட்டை முடிச்சை யாக்கின் முதுகுக்கு மாற்றிவிட்டு, பாதி வழியாவது நடந்து வருவதே முறை. நடக்கும் உடல்நிலை இல்லாதவர்கள் கணவாய் இல்லாத சமவெளிப் பயணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கான்சு, சிச்சுவான் மாகாணங்களின் எல்லையில் லாங்மூசி என்ற சிற்றூர் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள புல்வெளிகளில் இரண்டு, மூன்று நாள் குதிரைப் பயணம் ஏற்பாடு செய்துகொள்ள முடியும். பக்கத்திலுள்ள மாச்சூ, ஆற்றுவளைவுக் குதிரை என்று புகழ்பெற்ற சற்றே பெரிய இனத்தின் தாய்மண்.

அம்னே மாச்செனைப் புனித மலையாகக் கருதி யாத்ரீகர்கள் சுற்றிவரும் வலம் அப்படிப்பட்டதல்ல. சுற்றளவு 180 கிலோமீட்டருக்குக் குறையாது. வழியில் 4,600 மீட்டர் அளவில் கணவாய்கள். நடந்து போகிறவர்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மண்ணில் விழுந்து விழுந்து வணங்கியபடி முழுச் சுற்றும் முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பௌத்தர்கள் வலமாகவும், 'போன்' என்ற பழைய திபெத்தியச் சமயத்தவர் இடமாகவும் சுற்றுகிறார்கள். சிங்ஹாயின் தலைநகரான சினிங் 2,275 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து பஸ்ஸில் ஒரே நாளில் 3,700 மீட்டரை எட்டிவிடலாம். ஆபத்தே அதில்தான். குதிரை ஆபத்தைக் கூட்டுகிறது. நடந்து ஏறுகிறவனை மூச்சிரைப்பு நிறுத்திவிடும். குதிரை மேல் இருப்பவனுக்குக் களைப்பே தெரியாது, உடல் தயாராகும் முன்பே உயரத்துக்குப் போய்விடுவான். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்த வேண்டும், மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் அறிவுரை. தலைவலியும் குமட்டலும் தொடங்கினால் மேலே போகாதீர்கள். முற்றினால் இரவானாலும் கீழே இறங்குங்கள்.

ஆறுகளைக் காலையில் கடக்க வேண்டும். வெயில் ஏறப் பனி உருகி, பிற்பகலில் வெள்ளம் கூடும். கடக்கும்போது அங்கவடியில் நுனிப்பாதம் மட்டும் இருக்கட்டும், கடிவாளத்தைத் தளர்த்திவிடுங்கள். கல்லும் பள்ளமும் குதிரைக்குத் தெரியும்.

ட்ரோக்பா என்று அழைக்கப்படும் மேய்ச்சல்காரர்களின் கூடாரம், யாக் மயிரில் நெய்த கருங்கூடாரம். தூரத்திலிருந்தே குரல் கொடுக்காமல் அதை நெருங்கக்கூடாது. காவல் நாய்கள் உயரமும் மூர்க்கமும் உள்ளவை. வீட்டார் வந்து நாயைப் பிடிக்கும்வரை சேணத்திலிருந்து இறங்காதீர்கள். உள்ளே நடுவில் அடுப்பு, உலர்ந்த யாக் சாணம்தான் எரிபொருள். அந்த அடுப்பில் குப்பையைப் போடக்கூடாது, அடுப்பில் தெய்வம் குடியிருப்பதாக நம்புகிறார்கள். வெண்ணெயும் உப்பும் கலந்த தேநீர் வரும். வறுத்த வாற்கோதுமை மாவைக் கிண்ணத்திலேயே பிசைந்து உண்ணத் தருவார்கள். கிண்ணம் காலியாகும் முன்பே நிரப்புவார்கள். அந்தத் தேயிலைக்கும் குதிரைக்கும் நீண்ட உறவு உண்டு. சீனாவை ஆண்ட சோங் அரசு 1074இல் தேயிலை, குதிரை வாணிபத்துக்கென்றே ஓர் அலுவலகம் அமைத்தது. படைக்குக் குதிரை தேடிய சீனம் சிச்சுவான் தேயிலையைக் கொடுத்துத் திபெத்தியக் குதிரையை வாங்கியது. மேய்ச்சல்காரரின் கையில் இன்றும் கொதிக்கும் கட்டித் தேயிலை அந்த வாணிபத்தின் தொடர்ச்சிதான்.

இப்போது அந்தக் குதிரை குறைந்து வருகிறது. யாக் மந்தையை மோட்டார் சைக்கிளில் ஓட்டுகிறார்கள். மே, ஜூன் மாதங்களில் மலைச்சரிவில் தோண்டியெடுக்கும் யார்ட்சா குன்பு என்ற பூஞ்சைக்குச் சீனச் சந்தையில் பெருவிலை. அந்தப் பணம் வண்டியாகவும் வீடாகவும் மாறுகிறது. மேய்ச்சல் நிலம் குடும்பவாரியாகப் பங்கிடப்பட்டு முள்வேலி வந்துவிட்டது. ஆற்று ஊற்றுகளைக் காக்கும் திட்டத்தின் பெயரில் ஏராளமான குடும்பங்கள் நகரோரக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. அங்கே குதிரைக்கு இடமில்லை. கோடைப் பந்தயங்களுக்காக வசதி உள்ளவர்கள் சிறந்த குதிரைகளை வளர்க்கிறார்கள். அது நல்லதுதான். ஆனால் சுமை தூக்கி, கணவாய் தாண்டி, பனியில் வழி கண்டுபிடிக்கும் சாதாரணக் குதிரையையும் அதைப் பழக்கத் தெரிந்த கைகளையும் பந்தயம் காப்பாற்றாது. பயணிகள் தரும் கூலி ஓரளவு காப்பாற்றலாம். அதனால்தான் நாம் எப்படிப் போகிறோம் என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

2026 பிப்ரவரி 18 அன்று திபெத்தியர்களின் குதிரை ஆண்டு தொடங்குகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் இந்த ஆண்டில் அம்னே மாச்செனையும் கயிலாயத்தையும் சுற்றுவது பன்மடங்கு புண்ணியம் என்பது அவர்கள் நம்பிக்கை. கயிலைக்குக் குதிரையில் போனவர் நம் மரபிலும் உண்டு. சுந்தரர் வெள்ளை யானையில் புறப்பட, சேரமான் பெருமாள் தம் குதிரையின் செவியில் ஐந்தெழுத்தை ஓதிவிட்டு, அதன்மேல் ஏறிப் பின்தொடர்ந்தார் என்று படித்திருக்கிறோம். ஏறுவதற்கு முன் மந்திரத்தை அதன் செவியில் ஓதிய அந்தச் செயலைத் திபெத்திய மேய்ச்சல்காரர் யாரும் உடனே புரிந்துகொள்வார்.

குதிரை ஆண்டில் வழியெல்லாம் யாத்ரீகர் கூட்டம் இருக்கும், குதிரைக்குத் தேவை மிகும். அம்னே மாச்சென் பகுதிக்கு லாசாவுக்கு வேண்டிய தனி அனுமதிச் சீட்டு பொதுவாகத் தேவைப்படுவதில்லை. ஆனால் வெளிநாட்டவருக்கு முன்னறிவிப்பின்றி மூடப்படுவது உண்டு. விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். நகரத்து முகவரிடம் முழுத் தொகையையும் கொடுத்துவிடாதீர்கள். குதிரை யாருடையதோ அவர் கையில் கூலி சேர்வதை உறுதிசெய்யுங்கள். சேணம் ஏற்றும் முன் முதுகைத் தடவிப் பாருங்கள். புண் இருந்தால் அந்தக் குதிரையை மறுத்துவிடுங்கள், ஆனால் அதற்காக உடையவரைத் திட்டாதீர்கள். வழியில் குதிரைக்காரர் இன்று குதிரைக்கு ஓய்வு வேண்டும் என்று சொன்னால் அன்று தங்கிவிடுங்கள். அந்த நாளுக்கும் முழுக் கூலி கொடுங்கள்.

நன்றி.