பெரிய தொட்டிக்கு அடியில்

வணக்கம். என்னை வானொலியில் பேசக் கூப்பிட்டபோது, கம்ப்யூட்டர், செல்போன் பற்றி எதையாவது சொல்லுங்கள், ஆனால் ரொம்ப டெக்னிக்கலாக வேண்டாம் என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆனால் நான் சொல்லப்போவது ஒரே ஒரு விஷயம்தான். நீங்கள் போனை எடுக்காதபோது யாரோ பேசி விட்டுவைத்த வாய்ஸ்மெயிலை, அல்லது வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவை, கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே. வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கிறவர்கள் மட்டும் வீட்டுக்குப் போய்ச் செய்யலாம்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டால், என் அப்பாவிடமிருந்து தொடங்க வேண்டும். அவர் வாய்ஸ்மெயிலைக் கடிதம் மாதிரிதான் நினைத்தார். "நான் அப்பா பேசறேன்" என்று ஆரம்பிப்பார், வேறு யாரோ என்று நான் நினைத்துவிடுவேனோ என்கிற மாதிரி. அப்புறம் மணி சொல்வார். என்னிடம் இருந்த கடைசி மெசேஜ் இது: "நான் அப்பா பேசறேன். மணி இப்போ நாலு இருபது. சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில வெச்சிருக்கேன். சின்னத் தொட்டி இல்ல, பெரிய தொட்டி. மழை வர்ற மாதிரி இருக்கு, மாடியில துணி கெடக்கு, எடுத்துடு." அவ்வளவுதான் செய்தி. ஆனால் மெசேஜ் அங்கே முடியாது. போனை எப்படி வைப்பது என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. அதனால் செருப்புச் சத்தம், ஒரு கதவு, ஒரு இருமல், பிறகு தூரத்திலிருந்து யாரையோ கேட்கிற மாதிரி "கட் ஆச்சா இது?" என்று ஒரு குரல். மொத்தம் 38 விநாடி.

அவர் போன பிறகு அதை அடிக்கடி கேட்பேன். கேட்டு முடிந்ததும் ஒரு பெண்குரல், சேமிக்க இந்த எண்ணை அழுத்தவும் என்று சொல்லும். அழுத்துவேன். சேமித்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பேன். அந்தச் சேமிப்புக்கும் ஒரு கெடு உண்டு என்று தெரிய வந்தபோது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை போனில் அலாரம் வைத்துக்கொண்டு, கேட்டு, திரும்ப அழுத்தி, திரும்பக் கேட்டு... ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரிதான். நடுவில், அதே எண்ணை வைத்துக்கொண்டு வேறு போன் கம்பெனிக்கு மாறினேன். எண் மாறவில்லை அல்லவா, அதனால் எதுவும் மாறாது என்று நினைத்தேன். மாறிய மறுநாள் வாய்ஸ்மெயிலைக் கூப்பிட்டால், உங்களுக்குச் செய்திகள் எதுவும் இல்லை என்கிறது குரல். பழைய கம்பெனியைக் கூப்பிட்டேன். அந்தப் பையன் பொறுமையாகத்தான் பேசினான். "சார், நம்பர்தான் உங்களோடது, மெயில்பாக்ஸ் எங்களோடது, கனெக்ஷன் போனதும் அதுவும் போயிடும்" என்றான். இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது, அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

ஏன் அப்படி? நீங்கள் போனை எடுக்காதபோது, அந்த அழைப்பை நெட்வொர்க் வேறொரு கம்ப்யூட்டருக்குத் திருப்பி விடுகிறது. பேசுகிறவருடைய குரல் பதிவாவது அங்கே. உங்கள் போன் அணைந்து கிடந்தாலும் மெசேஜ் வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான். உங்கள் கையில் இருப்பது, ஒரு மெசேஜ் வந்திருக்கிறது என்கிற சீட்டு மட்டும். 2007இல் ஐபோன் வந்தபோதுதான் மெசேஜ்களை வரிசையாகத் திரையில் காட்டி, வேண்டியதைத் தொட்டுக் கேட்கிற வசதி பரவலாயிற்று. அந்த வகைப் போன்களில் குரல் உங்கள் போனுக்கே இறங்கி வரும். மற்றதில் எல்லாம் நாம் வாடகைக்குத்தான் கேட்கிறோம். கேட்க முடிகிறது என்பதால் நம்மிடம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இன்னொரு தடவை சொல்கிறேன், கேட்க முடிவது வேறு, நம்மிடம் இருப்பது வேறு.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சுற்று சுற்றிவிட்டு வருகிறேன், எனக்குப் பிடித்த கதை. டென்மார்க்கில் வால்டெமர் பவுல்சென் என்று ஒருவர், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஆள் இல்லாத நேரத்தில் வருகிற போனைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று யோசித்து, எஃகுக் கம்பியில் காந்தத்தால் குரலைப் பதிக்கும் ஒரு கருவியை 1898இல் செய்தார். கேசட், டேப்புக்கெல்லாம் தாத்தா அதுதான். 1900இல் பாரிஸ் கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோனபோது ஆஸ்திரிய சக்கரவர்த்தி ஃப்ரான்ஸ் ஜோசப் அதில் பேசினார். இன்றைக்கும் இருக்கிற காந்தப் பதிவுகளிலேயே மிகப் பழையது என்று அதைத்தான் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய சக்கரவர்த்தி அதில் என்ன பேசினார் தெரியுமா? இந்தக் கருவி எனக்குச் சுவாரசியமாக இருந்தது, காட்டியதற்கு நன்றி. அவ்வளவுதான்! பூந்தொட்டிக்கு அடியில் சாவி இருக்கிறது என்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மெஷின் முன்னால் யாரும் காவியம் பேசுவதில்லை. அதனால் இந்த மெசேஜில் ஒன்றுமே இல்லையே என்று அழித்துவிடாதீர்கள்.

சரி, எப்படி எடுப்பது. உங்கள் போனில் மெசேஜ்கள் வரிசையாகத் தெரிந்தால் வேலை சுலபம். மெசேஜைத் தொடுங்கள், பகிர்வதற்கான ஷேர் அடையாளம் இருக்கும், அதை அழுத்தி உங்களுக்கே ஈமெயிலில் அனுப்பிவிடுங்கள். சில ஆண்ட்ராய்டு போன்களிலும் இந்த வசதி உண்டு. கம்ப்யூட்டரில் ஈமெயிலைத் திறந்து, இணைப்பை இறக்கி, அதைத் திறந்து, கடைசிவரை கேட்டுப் பாருங்கள். கேட்டுப் பார்க்காமல் போனில் இருப்பதை அழிக்காதீர்கள், தயவுசெய்து.

வாட்ஸ்அப் குரல்பதிவு என்றால் இன்னும் நல்லது, அது உங்கள் போனிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை ஒயரால் கம்ப்யூட்டரோடு இணைத்து வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள் தேடினால், வாய்ஸ் நோட்ஸ் என்ற ஃபோல்டரில் பி.டி.டி. என்று தொடங்கும் பெயர்களோடு, பக்கத்தில் தேதி எண்ணாகப் போட்டு, ஓபஸ் என்கிற வகையில் கொட்டிக் கிடக்கும். யார் பேசியது என்று அந்தப் பெயரில் இருக்காது, தேதிதான் துப்பு. திறக்கவில்லை என்றால் வி.எல்.சி. என்கிற இலவச பிளேயரில் போட்டுப் பாருங்கள், பாடும்.

எண்ணைக் கூப்பிட்டுத்தான் கேட்க முடியும் என்றால், பழைய வழிதான். போனின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து கம்ப்யூட்டரின் மைக் ஜாக்குக்கு, இரண்டு முனையிலும் செருகும் பின் இருக்கும் ஒயரை மாட்டி, கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்கிற இலவச மென்பொருளில் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, மெசேஜை ஓடவிட வேண்டும். ஜாக்கே இல்லாத போன் என்றால் அதற்கென்று ஒரு அடாப்டர் வாங்க வேண்டும். முதலில் சும்மா ஒரு ஒத்திகை பாருங்கள். சத்தத்தைக் காட்டும் பட்டை பச்சையில் ஆட வேண்டும், சிவப்பைத் தொட்டால் குரல் கிழியும், கிழிந்ததைத் தைக்க முடியாது. ஸ்கிரீன் ரெக்கார்டிங் போட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அழைப்பு ஓடும்போது பெரும்பாலான போன்கள் அந்தச் சத்தத்தைப் பதிய விடாது, ஊமைப்படம்தான் கிடைக்கும்.

ஆடாசிட்டியில் எல்லோரும் விழுகிற ஒரு குழி இருக்கிறது. சேவ் என்று கொடுத்தால் அது புராஜெக்ட்டைத்தான் சேமிக்கும், ஆடாசிட்டி இல்லாமல் அது திறக்காது. எக்ஸ்போர்ட் கொடுத்து, வேவ் (WAV) என்கிற வகை ஃபைலாக எடுக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 5 முதல் 10 எம்.பி. ஆகும், இந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்குக்கு அது தூசு. எம்.பி.3 ஆக்கி இடத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். போன் குரலே பெரும்பாலும் சுமார் 300இலிருந்து 3400 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குள் ஒடுக்கி அனுப்பப்பட்ட குரல், ஏற்கெனவே இளைத்துப்போனது, அதை மேலும் பிழியாதீர்கள். போனிலிருந்து நேராக வந்த ஃபைல் எந்த வகையில் இருந்தாலும் அதையும் அப்படியே வைத்திருங்கள்.

ஒயர், ஜாக் எதுவும் இல்லையா? ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு போனில் பதியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணி நிறைந்த அலமாரிக்குள் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் எதிரொலி அடங்கிவிடும். சிரிக்காதீர்கள். என் அப்பாவின் 38 விநாடி இன்றைக்கு என்னிடம் இருக்கிறது என்றால், நான் அழுத்திய எண்ணாலோ வைத்த அலாரத்தாலோ இல்லை, என் தங்கை ஒருநாள் என் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தன் போனில் பிடித்து வைத்திருந்ததால்தான். எனக்கு அது தெரியவே தெரியாது. காணாமல் போனதைச் சொல்லி நான் புலம்பியபோது, "என்கிட்ட இருக்குண்ணா, ஆனா நல்லா இருக்காது" என்றாள்.

நல்லாவும் இல்லைதான். அவள் மின்விசிறியை நிறுத்தவில்லை. நடுவில் ஒரு தடவை மூக்கை உறிஞ்சுகிறாள். அதை வாங்கிக்கொண்டு வந்து, சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்தேன். இரைச்சலைக் குறைக்கும் வசதி ஆடாசிட்டியில் இருக்கிறது, விசிறிச் சத்தத்தின் ஒரு துண்டைக் காட்டி, இதை எடுத்துவிடு என்றால் எடுத்துவிடும். எடுத்தது. கூடவே செருப்புச் சத்தமும் போயிற்று. இருமல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆயிற்று. "கட் ஆச்சா இது?" என்பதை ஏதோ தகர டப்பா கேட்டது. ஒரு வாரம் விதவிதமாக முயற்சி செய்தேன், ஒவ்வொன்றிலும் அப்பா கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தார். கடைசியில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுத் தங்கை கொடுத்ததையே வைத்துக்கொண்டேன். இப்போது அந்த விசிறி இல்லாமல் எனக்குக் கேட்காது. அதனால் இரைச்சலை எடுக்காதீர்கள், முன்னாலும் பின்னாலும் வெட்டாதீர்கள். ஆசையாக இருந்தால் ஒரு பிரதியில் செய்து பாருங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். இதைப் பற்றி மட்டுமே அரை மணி நேரம் பேசுவேன்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். பாதுகாத்து வைப்பது பற்றித்தான் நிறைய எழுதிக்கொண்டு வந்தேன், சரி, வேகமாகச் சொல்கிறேன். புகைப்படக்காரர்கள் சொல்கிற 3-2-1 கணக்கு: மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு விதமான இடத்தில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையத்திலோ வேறு ஊரில் இருக்கும் உறவினரிடமோ ஒன்று. பென்டிரைவை மட்டும் நம்பி மேசை டிராயரில் போட்டு வைக்காதீர்கள், வருடக்கணக்கில் மின்சாரம் காணாமல் கிடந்தால் அது மறந்துபோகக் கூடியது. வருடத்துக்கு ஒருமுறை திறந்து கேளுங்கள்.

ஃபைலுக்குப் பெயர். 'ரெக்கார்டிங் 7' என்று விடாதீர்கள். தேதி, பேசியவர், எதைப் பற்றி. தேதியை வருடத்தில் ஆரம்பித்து எழுதினால் வரிசையாக நிற்கும். என்னுடையதன் பெயர், தேதிக்குப் பிறகு, 'அப்பா, சாவி, பெரிய தொட்டி'. அதன் பக்கத்திலேயே ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில், விசிறி தங்கை வீட்டு விசிறி என்று எழுதி வைத்திருக்கிறேன். மற்றவர் குரலை ஊருக்கு அனுப்புவதற்கு முன் அவர்களைக் கேட்க வேண்டும் என்பதைப் பற்றியும் சொல்ல நினைத்தேன், விளக்கு மாறிவிட்டது, வணக்கம்.