ரஞ்சி ஆடினால் நாளுக்கு எவ்வளவு? நம் உள்ளூர் கிரிக்கெட் ஓடும் விதம்

(திரையில்: பேட்ஸ்மேனுக்கு மிக அருகில், ஷார்ட் லெக்கில் ஹெல்மெட்டோடு குனிந்து நிற்கும் ஃபீல்டர்)

2025 பிப்ரவரி, அகமதாபாத். மாநில அணிகள் பல நாள் மேட்ச் ஆடும் ரஞ்சி கோப்பையில், அரையிறுதியின் கடைசி நாள். கேரளா முதல் இன்னிங்ஸில் 457, குஜராத் 9 விக்கெட்டுக்கு 455. நாக்வாஸ்வாலா ஓங்கி அடித்த பந்து ஷார்ட் லெக்கில் நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு எகிறி, நேராக ஸ்லிப்பில் நின்ற கேப்டன் சச்சின் பேபியின் கையில் போய் உட்கார்ந்துவிட்டது. அவுட். மேட்ச் டிராதான், ஆனால் அந்த 2 ரன்னால் கேரளா முதல் முறையாக ஃபைனலுக்குப் போனது. கால் இறுதியிலும் இதே கதை, ஜம்மு காஷ்மீரை விட ஒரே ஒரு ரன் அதிகம்!

இது ஏதோ அதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள், ரஞ்சியின் விதியே அப்படி. லீக்கில் ஜெயித்தால் 6 புள்ளி, இன்னிங்ஸ் கணக்கிலோ பத்து விக்கெட்டிலோ ஜெயித்தால் இன்னொன்று கூட. டிரா ஆனால் முதல் இன்னிங்ஸில் அதிக ரன் அடித்து லீட் எடுத்த அணிக்கு 3, மற்ற அணிக்கு 1. நாக் அவுட்டில் டிரா ஆனால் லீட் எடுத்தவர் மேலே போவார், அவ்வளவுதான். அதனால்தான் பதினொன்றாவது ஆட்டக்காரர் ஒரு மணி நேரம் கட்டை போடுவதைப் பார்க்க ஆள் உட்கார்ந்திருக்கும்.

(திரையில்: இந்திய வரைபடம்)

மொத்தம் 38 அணிகள். 32 மேல் பிரிவான எலைட்டில், 8 அணிகளாக நான்கு குரூப், மீதி 6 கீழ்ப் பிரிவான பிளேட்டில். மாநிலத்துக்கு ஒரு அணி என்றும் சொல்ல முடியாது. மகாராஷ்டிராவிலிருந்து மும்பை, மகாராஷ்டிரா, விதர்பா என மூன்று, குஜராத்திலும் அப்படியே மூன்று. நம் தமிழ்நாட்டுக்கு ஒன்றுதான், அதுவும் 1987-88க்கு அப்புறம் கோப்பையைக் கண்ணால் பார்க்கவில்லை (இதைப் பற்றித் தனி வீடியோ போட்டாலும் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும்). ரயில்வேயும் ராணுவத்தின் சர்வீசஸும் மாநிலமே இல்லாத அணிகள். இப்போது ரஞ்சியை இரண்டாகப் பிரித்து, நடுவில் சையத் முஷ்டாக் அலி டி20, விஜய் ஹசாரே ஒருநாள் போட்டிகளை வைக்கிறார்கள்.

சரி, காசு. ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் கோடீஸ்வரர்கள் என்று நினைத்தால் தப்பு. ரஞ்சி ஆட்டக்காரருக்கு கிரிக்கெட் போர்டு (பிசிசிஐ) ஆண்டுச் சம்பளம் எதுவும் தருவதில்லை, நாள் கணக்குதான். 40 மேட்சுக்கு மேல் ஆடியவருக்கு நாளுக்கு 60,000 ரூபாய், புதுப் பையனுக்கு 40,000. லீக்கில் 7 மேட்ச், நாலு நாள் வீதம் 28 நாள். புதுப் பையனுக்கு அதில் 11 லட்சத்து 20 ஆயிரம். பதினொன்றில் இடம் கிடைக்காமல் வெளியே உட்கார்ந்தால் பாதிதான்.

இதே கணக்கைப் பெண்களுக்குப் போடுங்கள். 2025 டிசம்பர் வரை நாளுக்கு 20,000, இப்போது 50,000 ஆக்கியிருக்கிறார்கள். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் நாள் எங்கே இருக்கிறது? மாநில அணிகளுக்கு ஒருநாள் கோப்பையும் டி20 கோப்பையும்தான், ரஞ்சி மாதிரி நாலு நாள் போட்டியே கிடையாது. ஒருநாள் லீக்கில் ஆறேழு மேட்ச் என்றால் ஆறேழு நாள் காசு, மூன்றரை லட்சத்தைத் தாண்டாது. கூலியை ஏற்றினார்கள், வேலை நாளை ஏற்றவில்லை.

பெண்கள் கிரிக்கெட்டில் ரயில்வே ஏன் இத்தனை கோப்பைகளை அள்ளியது என்பதும் இங்கேதான் புரியும். 2006ல் போர்டு பெண்கள் கிரிக்கெட்டைத் தன் கைக்குள் எடுத்துக்கொள்வதற்கு முன்பிருந்தே, ஆடுகிற பெண்ணுக்கு மாதா மாதம் சம்பளம் கிடைத்த இடம் ரயில்வே. மிதாலி ராஜ் ரயில்வே ஊழியர். நல்ல ஆட்டக்காரிகள் சொந்த மாநிலத்தை விட்டு அங்கே போனதைக் குறை சொல்லவே முடியாது, வீட்டில் அரிசி வாங்க வேண்டுமே.

2023ல் பெண்களுக்கான ஐபிஎல் மாதிரி டபிள்யூபிஎல் வந்தது, நல்லதுதான், ஆனால் ஐந்தே அணிகள். 2024ல், பல மாநிலங்களைச் சேர்த்த மண்டல அணிகளுக்கு மட்டும் மூன்று நாள் மேட்ச் புனேயில் திரும்ப வந்தது. அதே வருடம் ஜூனில், ரஞ்சியின் முதல் மேட்ச் 1934ல் நடந்த நம் சேப்பாக்கத்தில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இந்தியப் பெண்கள் டெஸ்ட் ஆடினார்கள். ஷஃபாலி வர்மா 205. ரயில்வேயின் ஸ்நேஹ் ராணா ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட். இந்தியா 6 விக்கெட்டுக்கு 603, பெண்கள் டெஸ்டில் அதுவரை யாரும் தொடாத ஸ்கோர். அந்தப் பதினொரு பேரில் ஒருவர்கூட ரஞ்சி மாதிரி ஒரு சீசனை ஆடி வந்தவர் இல்லை.